மயக்க மருந்தில் பிரஷர் இறங்கினால் மூளைக்கு என்ன ஆகும்?

மயக்க மருந்து உடம்புக்குள் போனால் பிரஷர் இறங்கும். இது அபூர்வமாக நடக்கும் விபத்து இல்லை, அந்த மருந்துகளின் குணமே அதுதான். நரம்பு வழியாக ஏற்றும் புரோபஃபோல் ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. மூச்சு வழியாகக் கொடுக்கும் ஐசோஃபுளூரேன், செவோஃபுளூரேன் ஆகியவையும் அப்படித்தான். முதுகில் போடும் ஊசி வலி நரம்புகளோடு சேர்த்து, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் முடக்குகிறது. அப்போது ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தங்கிவிட, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது.

ஆகவே "பிரஷர் இறங்கியதா?" என்று கேட்டுப் பயனில்லை. எவ்வளவு இறங்கியது, எத்தனை நிமிடம் அப்படியே நின்றது, யாருக்கு இறங்கியது என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விதான் மூளையைப் பொறுத்தவரை முக்கியமானது. அதற்குப் பதில் பெரும்பாலும் மருத்துவமனையில் கிடைக்காது, நோயாளியின் வீட்டில்தான் இருக்கிறது.

மூளையின் தேவை

பெரியவர் ஒருவரின் மூளை சுமார் 1,400 கிராம், அதாவது உடல் எடையில் 2 சதவீதம். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதமும் உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதமும் அதற்கே போகின்றன. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லி ரத்தம் என்பது வழக்கமான கணக்கு. முழு மூளைக்கு நிமிடத்துக்கு 700 மில்லி. தசையோ கல்லீரலோ கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும். மூளையில் ஆக்ஸிஜன் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ரத்தம் அடியோடு நின்றால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பும். நான்கைந்து நிமிடங்களில் மீளாத சேதம் தொடங்கும்.

ஓட்டம் அடியோடு நிற்காமல் குறைந்தால் சேதம் படிப்படியாக வருகிறது. 50 மில்லி 20-ஐ ஒட்டி இறங்கும்போது மூளையின் மின்னலைகள் மங்கும். அந்த நிலையில் செல்கள் வேலையை நிறுத்தியிருக்குமே தவிர, உயிரோடுதான் இருக்கும். ஓட்டத்தை மீட்டால் அவை விழித்துக்கொள்ளும். 10 மில்லிக்குக் கீழே போனால் செல்லின் சுவரில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் உள்ளும் வெளியும் ஒழுங்காக வைத்திருக்கும் ஏற்பாடே நின்றுபோகிறது. செல் வீங்கிச் சாகத் தொடங்குகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் மயக்க மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம்.

எந்த எண்ணைப் பார்ப்பது

பிரஷர் கருவி 120/80 என்று இரண்டு எண்களைக் காட்டுகிறது. மூளைக்குப் போகும் ரத்தத்தைக் கணிக்க வேண்டியது மூன்றாவதான சராசரி அழுத்தம். கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் அது கிடைக்கும். 120/80-க்குச் சராசரி 93. 100/60-க்கு 73. 170/100-க்கு 123. ஆபரேஷன் தியேட்டர் மானிட்டரில் இந்த எண் அடைப்புக்குறிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சராசரியிலிருந்து மண்டை ஓட்டுக்குள் உள்ள அழுத்தத்தைக் கழித்தால் வருவதுதான் மூளைக்குள் ரத்தத்தைத் தள்ளும் உண்மையான விசை. மண்டைக்குள் சாதாரணமாக 5 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டியவருக்கு அது 25, 30 என ஏறியிருக்கும். அப்படிப்பட்டவருக்குச் சராசரி அழுத்தம் 75 இருந்தாலும் மூளைக்கு மிஞ்சுவது 45, 50 தான். தலையில் அடிபட்டவருக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது பிரஷரை விடாப்பிடியாகத் தூக்கி நிறுத்துவது இதனால்தான்.

தானே சரிசெய்துகொள்ளும் திறன், அதன் எல்லை

பிரஷர் கொஞ்சம் இறங்கினால் மூளையின் நுண்தமனிகள் தாமே விரிந்துகொடுக்கும், ஏறினால் சுருங்கும். அதனால் பிரஷர் மேலும் கீழும் போனாலும் ரத்த ஓட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் லாசன் 1959-ல் வெளியிட்ட வரைபடம் இதைக் காட்டியது. சராசரி அழுத்தம் 60-இலிருந்து 150 வரை ஓட்டம் மாறாது என்றும், 60-க்குக் கீழே பிரஷர் விழ விழ ஓட்டமும் விழும் என்றும் பாடநூல்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டன. ஆனால் அது ஒரே மனிதரிடம் எடுத்த வரைபடம் இல்லை. வெவ்வேறு நோயாளிக் குழுக்களின் சராசரிப் புள்ளிகளை இணைத்து வரைந்தது. அதிலுள்ள 60 என்ற எண்ணை எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்புக் கோடாக எடுத்துக்கொண்டது பெரிய பிழை. அதன் பாதிப்பு இன்றும் முழுதாகப் போய்விடவில்லை.

ஏன் பிழை என்பதை இன்னொரு டென்மார்க் மருத்துவரான ஸ்வெண்ட் ஸ்ட்ராண்ட்கார்டு 1976-ல் அளந்தே காட்டினார். ரத்தக் கொதிப்பு இல்லாதவர்களுக்கு மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும் கீழ் எல்லை சராசரியாக 73-இல் இருந்தது. கடுமையான ரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்தாமல் விட்டவர்களுக்கு அது 113. ஒரு காலத்தில் கடுமையாக இருந்து, பிறகு மருந்தால் கட்டுக்குள் வந்தவர்களுக்கு 96. பல வருடம் உயர் அழுத்தத்தைத் தாங்கிய தமனிகளின் சுவர் தடித்துப்போகிறது. மேலே உள்ள அழுத்தத்துக்கு அது நன்றாக ஈடுகொடுக்கும். கீழே இறங்கும்போது விரிய முடியாமல் திணறும். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் இந்த எல்லை மெல்ல, மாதக்கணக்கில், பழைய இடத்தை நோக்கி இறங்கி வருகிறது. பிரஷர் மாத்திரையின் பயன் பக்கவாதத்தைத் தடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. பின்னாளில் வரப்போகும் ஆபரேஷனுக்கும் அது மூளையைத் தயார் செய்கிறது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். தியேட்டரில் இருவருக்கு 100/60 காட்டுகிறது, சராசரி 73. ஒருவர் இருபத்தைந்து வயதுக்காரர், வழக்கமாக 120/80 உள்ளவர். அவருக்கு இது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான இறக்கம்தான், மூளை பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். மற்றவர் அறுபத்தைந்து வயது மீனவர், 170/100-இல் நடமாடிக்கொண்டிருந்தவர், மாத்திரை எதுவும் எடுக்காதவர். அவருக்கு அது 40 சதவீத வீழ்ச்சி. அவருடைய மூளைத் தமனிகள் விரிந்துகொடுக்கும் எல்லையை எப்போதோ தாண்டியாகிவிட்டது. மானிட்டர் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

கருவாடும் உப்புக்கண்டமும் அன்றாடச் சாப்பாடாக இருக்கிற இந்த ராமநாதபுரம் கடற்கரையில் இரண்டாமவரைப் போன்றவர்கள் குறைவில்லை. கடலுக்குப் போய்வரும் ஆண்கள் பலர், தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வரும்வரை பிரஷர் பார்க்க உட்காருவதே இல்லை. அவர்களின் முதல் அளவு ஆபரேஷனுக்கு முந்திய நாள்தான் எடுக்கப்படுகிறது. அப்போது பயத்தால் ஏறிய அளவா, எப்போதும் உள்ள அளவா என்று பிரித்தறிய வழியில்லை.

சேதம் எங்கே முதலில் வரும்

மூளையின் இரு பாதிகளுக்கும் முன், நடு, பின் என மூன்று பெரிய தமனிகள் ரத்தம் கொண்டுபோகின்றன. ஒரு தமனியின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை தொடங்கும் ஓரப்பகுதிகளுக்கு இரண்டு பக்கத்தின் கடைசிச் சிறு கிளைகளே கதி. வைகையில் தண்ணீர் குறைந்த வருடம் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேராததுபோல, அழுத்தம் விழும்போது இந்தக் கடைமடைப் பகுதிகள்தான் முதலில் காய்கின்றன. கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிந்து அடைப்பு இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் சீக்கிரம் காயும்.

முன் தமனிக்கும் நடுத் தமனிக்கும் இடையிலுள்ள ஓரத்தில் தோள், மேல்கை ஆகியவற்றை அசைக்கும் பகுதி இருக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் அடிபட்டால் கைவிரல்கள் அசையும், தோளைத் தூக்க முடியாது. பின்புற ஓரம் அடிபட்டால் கண் நன்றாக இருந்தும் பார்ப்பதைப் புரிந்துகொள்வதில் கோளாறு வரும். இத்தகைய கடுமையான சேதம் அரிது.

ஆபரேஷனை ஒட்டி வரும் பக்கவாதங்களில் பெரும்பாலானவை ரத்தக்கட்டி ஒன்று போய் அடைப்பதால் வருகின்றன, பிரஷர் இறக்கம் மட்டுமே காரணமாக இருப்பது சிறுபான்மை. இரண்டும் சேரும்போதுதான் நிலைமை மோசமாகிறது. சிறு கட்டி ஒன்று பாதி அடைத்த குழாயைச் சுற்றுக் குழாய்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கும், பிரஷர் விழுந்தால் அந்த உதவியும் போய்விடும். 8,351 பேரிடம் நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வு இதை உலகத்துக்கு உறைக்கச் செய்தது. இதயத்தைக் காக்கலாம் என்று ஆபரேஷன் நாளில் நாடித்துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் மெட்டோபுரோலால் மாத்திரையைப் புதிதாகக் கொடுத்தார்கள். மாரடைப்பு குறைந்தது. பிரஷர் இறக்கம் கூடியது, பக்கவாதம் 0.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமானது, மரணமும் கூடியது.

மயக்கமே ஒரு கவசம்

அப்படியானால் தினமும் இத்தனை பேருக்குப் பிரஷர் இறங்கியும் பெரும்பாலோர் நலமாக எழுவது எப்படி? முழு மயக்கத்தில் மூளையின் வேலை குறைகிறது, அதனால் ஆக்ஸிஜன் தேவையும் குறைகிறது. ஆழ்ந்த மயக்கத்தில் தேவை ஏறக்குறையப் பாதியாகிவிடும். விழித்திருக்கும்போது தலைசுற்ற வைக்கும் அளவு ரத்தம், மயங்கிய மூளைக்குப் போதுமானதாக இருக்கும். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட முதியவர்கள் 235 பேரிடம் 1999-ல் வந்த ஆய்வொன்றில், ஒரு சாராருக்குச் சராசரி அழுத்தத்தை 45–55-இலும் மறுசாராருக்கு 55–70-இலும் வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். பின்னர் நினைவாற்றலைச் சோதித்ததில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. அவர்களுக்குக் கொடுத்தது முழு மயக்கம் அல்ல, முதுகு வழியாகப் போடும் எபிடியூரல் மருந்து; ஆகவே இந்த முடிவை அப்படியே எல்லோருக்கும் பொருத்தக்கூடாது. ஆனாலும் மூளை கண்ணாடிப் பாத்திரமல்ல என்ற ஆறுதல் அதில் உண்டு.

மூச்சு இயந்திரமும் இதில் சம்பந்தப்படுகிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு 1 மி.மீ. குறைந்தால் மூளையின் ரத்த ஓட்டம் 3 முதல் 4 சதவீதம் குறையும். இயந்திரத்தை வேகமாக ஓடவிட்டு 40-ஐ 30 ஆக்கினால் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பிரஷரும் இறங்கி, இதுவும் சேர்ந்தால் இரட்டை அடி. மானிட்டரில் இந்த எண்ணை 35-க்குக் கீழே விடாமல் வைப்பது எளிது, ஆனால் பிரஷரையே பார்த்துக்கொண்டிருந்தால் மறந்துபோகவும் எளிது.

முதுகில் ஊசி போட்டால் இந்தக் கவசம் கிடையாது. மூளை முழுதாக விழித்திருக்கிறது. ஆனால் அங்கே வேறொரு நன்மை உண்டு, நோயாளியே சொல்லிவிடுவார். அடுத்தடுத்து கொட்டாவி, குமட்டல், கிறுகிறுப்பு, காரணமில்லாத பதற்றம், பேச்சு குழறல். சிசேரியன் மேசையில் "வாந்தி வர்ற மாதிரி இருக்கு டாக்டர்" என்று ஒரு பெண் சொன்னால் வாந்தி மருந்தைத் தேடும் முன் பிரஷரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூளைத்தண்டுக்கு ரத்தம் குறைந்ததன் முதல் அடையாளம் அது. கருவி அடுத்த அளவை எடுக்கும் முன்பே அவர் சொல்லிவிடுகிறார்.

அளவு தவறுவது எப்படி

கைப்பட்டை கையின் சுற்றளவில் 40 சதவீத அகலம் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், இறக்கம் மறைந்துபோகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது குறைந்தபட்ச வழக்கம். மயக்கம் கொடுத்ததிலிருந்து கத்தி வைக்கும்வரை உள்ள நேரத்துக்கு அது போதாது. மருந்து உச்சத்தில் இருக்கும், பிரஷரை ஏற்றிவிட வலியும் இருக்காது, மிகுதியான இறக்கங்கள் அந்தப் பத்து இருபது நிமிடங்களில்தான் வருகின்றன. அப்போது ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பதே நல்லது.

தலையின் உயரம் இன்னொரு பொறி. தோள் ஆபரேஷனுக்கு நோயாளியைச் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் வைப்பார்கள். கைப்பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்கும், மூளை அதற்கு மேலே. ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் 0.77 மி.மீ. கழிக்க வேண்டும். காது மட்டம் 25 செ.மீ. மேலே இருந்தால் 19 குறையும். கையில் 70 காட்டும்போது மூளையில் 51 தான். பட்டையைக் காலில் கட்டியிருந்தால் வித்தியாசம் மேலும் பெரிது. தமனிக்குள் ஊசி வைத்து அளப்பவர்கள் அளவியைக் காது மட்டத்தில் வைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

இறங்கினால் என்ன செய்கிறார்கள்

முதலில் அளவு உண்மையா என்று நாடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். மயக்கம் தேவைக்கு மேல் ஆழமாக இருந்தால் மருந்தைக் குறைப்பார்கள். கால்களைத் தூக்குவார்கள். கர்ப்பிணியானால் இடப்பக்கம் 15 டிகிரி சாய்ப்பார்கள், கருப்பை பெரிய சிரையை அமுக்காதிருக்க. 250 மில்லி அளவில் ட்ரிப்ஸ் வேகமாக ஓடும். கூடவே குழாயை இறுக்கும் மருந்து: மெஃபென்டர்மின் 3 முதல் 6 மில்லிகிராம், அல்லது ஃபெனைலெஃப்ரின் 50 முதல் 100 மைக்ரோகிராம். ஃபெனைலெஃப்ரின் நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆகவே துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவருக்கு மெஃபென்டர்மின் பொருந்தும், துடிப்பு 50-க்குக் கீழே போனால் அதை ஏற்ற அட்ரோபின் 0.6 மில்லிகிராம். ரத்தக்கசிவு, ஒவ்வாமை, மாரடைப்பு ஆகியவை காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இதற்கிடையிலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிக்கொண்டே போவது தவறான பழக்கம். குழாய் தளர்ந்ததால் வந்த இறக்கத்துக்குத் தண்ணீர் மட்டும் மருந்தாகாது. பலவீனமான இதயம் உள்ள முதியவருக்கு அது நுரையீரலில் போய்த் தேங்கும்.

உண்மையிலேயே வறண்டு வருபவர்கள் வேறு. வெயிலில் கடலில் கிடந்துவிட்டு, குடல்பிதுக்கம் சிக்கிக்கொண்டு வாந்தியோடு கரையேறும் மீனவர், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை முடித்து வயிற்றுவலியோடு வரும் பெண். இவர்களுக்கு மயக்கம் கொடுக்கும் முன்பே இழந்த நீரை ஈடுகட்டியாக வேண்டும்.

எந்த எண்ணில் நிறுத்துவது என்பதில் நிபுணர்களுக்குள் முழு உடன்பாடு இல்லை. 2007-ல் 130 கட்டுரைகளைப் புரட்டிய ஓர் ஆய்வு, பிரஷர் இறக்கம் என்பதற்கே 140 வரையறைகளைக் கண்டது. சராசரி அழுத்தத்தை 60–65-க்குக் கீழே விடாதே என்பது பரவலான நடைமுறை. இதில் காக்கப்படுவது மூளையைவிடச் சிறுநீரகமும் இதயமும்தான், 55-க்குக் கீழே சில நிமிடங்கள் நின்றாலே அவை அடிபடுவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ரத்தக் கொதிப்புள்ளவருக்கு இந்தக் குறைந்தபட்சம் போதாது, அவருடைய வழக்கமான சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் இறங்கவிடாமல் பார்ப்பதே சரியான வழி. 30 சதவீதத்தைத் தாண்டினால் நிமிடங்களை எண்ண வேண்டும்.

வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியவை

அந்த வழக்கமான சராசரி யாருக்குத் தெரியும்? ஆபரேஷன் தேதி குறித்ததும் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வீட்டுக் கருவியிலோ வெவ்வேறு நாளில், உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆறிய பிறகு, நான்கைந்து முறை பிரஷர் பார்த்து எழுதிவையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்களிடம் பழைய அளவுகள் குறிப்பில் இருக்கும், அதை எடுத்துவாருங்கள். 180/110-க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைத்து, சில வாரம் மருந்து கொடுத்துக் கட்டுப்படுத்துவதே நல்லது. அன்று காலையே ஊசி போட்டு எண்ணை இறக்கினால் மூளையின் எல்லை கூடவே இறங்கிவிடாது.

மாத்திரை அட்டையைக் கட்டாயம் காட்டுங்கள். அம்லோடிபின், அட்டெனோலால், மெட்டோபுரோலால் பொதுவாக ஆபரேஷன் காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு தொடரப்படும். ஏற்கெனவே சாப்பிட்டுவரும் அட்டெனோலால் வகையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் வகையைப் பல மருத்துவர்கள் ஒருநாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், மயக்கத்தில் பிரஷரை மேலும் இறக்கும் என்பதால். 2024-ல் வந்த பிரெஞ்சு ஆய்வில், தொடர்ந்தவர்களுக்கு இறக்கம் கூடுதலாக வந்தது, ஆனால் ஆபரேஷனுக்குப் பிந்திய சிக்கல்கள் இரு சாராருக்கும் ஒரே அளவில் இருந்தன. ஆகவே உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இரவு பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று முதியவர்களைப் பட்டினி போடுவது இன்னும் தொடர்கிறது. திட உணவுக்கு ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் எட்டு. தண்ணீரும் பால் சேர்க்காத தேநீரும் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பதே இன்றைய விதி. கஞ்சி, நீராகாரம், மோர் ஆகியவை இந்தத் தண்ணீர்க் கணக்கில் சேராது. சர்க்கரை நோயால் இரைப்பை மெதுவானவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள், பிரசவ வலியில் இருப்பவர்களுக்கு விதி வேறு. காலை ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போனால், இடையில் தண்ணீர் கொடுக்கலாமா என்று வார்டு செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். அக்னி நட்சத்திரக் காலத்தில் வறண்டுபோய் மேசைக்குப் போகும் கிழவருக்கு முதல் மருந்திலேயே பிரஷர் சரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

"வாப்பா ராவெல்லாம் தூங்காமப் பினாத்துறாங்க, எங்கள அடையாளம் தெரியல" என்று கீழக்கரை மகள் பதறுவாள். முதியவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வருவதுதான். பிரஷர் இறங்கியதுதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அடங்காத வலி, சிறுநீர் அடைப்பு, சளிக் காய்ச்சல், சோடியம் குறைவு, தூக்கமின்மை, கண்ணாடியும் காதுக் கருவியும் கையில் இல்லாதது, இவையே கூடுதலாகக் காணப்படும் காரணங்கள். அழுத்தத்தை அவரவர் அளவுக்கு நெருக்கமாக வைத்த 2017-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் நினைவு மங்குவது குறைந்தது. பின்னர் ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. தெரிந்த முகம் பக்கத்தில் இருப்பதும், பகலில் வெளிச்சமும் இரவில் அமைதியும் அவருக்கு உதவும். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும்.

வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ விழுவது, பேச்சு குழறுவது வேறு கதை. "மயக்கம் இன்னும் தெளியல" என்று காத்திருக்காமல் அந்த நொடியே செவிலியரை அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைச் சொல்லுங்கள், சிகிச்சை அந்த நேரத்திலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. வீடு திரும்பிய பின் நடந்தால் 108.

நிறுத்தி வைத்த பிரஷர் மாத்திரையை எந்த நாளிலிருந்து மறுபடி தொடங்குவது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். டெல்மிசார்டன் வகையை, பிரஷரும் சிறுநீரும் சீராக இருந்தால், இரண்டு நாளுக்குள் தொடங்குவது வழக்கம். நிறுத்தியது நினைவிருந்து, தொடங்கச் சொன்னது மறந்துபோய், மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமல் இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.